தற்குறி

ரயில் பாலாற்றைத் தாண்டும்போதெல்லாம்
அப்பா காலால் ஒருமுறை தரையைத் தட்டுவார்.
"இந்தத் தூணுக்குக் கல் சுமந்தது நம்ம ஆளு."
எந்தத் தூண் என்று கேட்டால்
ஜன்னல் பக்கம் பொதுவாகக் கை நீட்டுவார்.
பெயர் கேட்டால், சின்னப்பையன்.
அதற்கு மேல் கேட்டால் கோபம்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது.
எனக்கு வேலை ஆஸ்பத்திரியில், பதிவேட்டு அறையில்.
ஒரே காலையில் நாலு குப்பம்மாள்,
ஏழு முனுசாமி வந்து நிற்கிற ஊர் இது.
ஒருவர் ரத்தம் இன்னொருவர் சீட்டில் ஏறிவிடாமல்
ஆளைப் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் சம்பளம்.
சின்னப்பையன் சுலபம் என்று நினைத்தேன்.

கொள்ளுத்தாத்தா வரைக்கும்
ஒரு பட்டா, ஒரு கடன் பத்திரம், ஒரு மங்கிய கல்யாணப் பத்திரிகை.
கொள்ளுக்கு அப்பால் எள்ளு.
மேலே ஏற ஏறத்
தானியம் சிறுத்துக்கொண்டே போகிறது.
எள்ளுக்கு அடுத்ததற்கு
எங்கள் வீட்டில் சொல்லே இல்லை.

லீவு போட்டு எழும்பூர் போனேன்.
கட்டை அவிழ்த்தார்கள்.
கரையான் அரித்த ஓரங்கள்
பொரிமாவாக மேசையில் உதிர்ந்தன.
பாலாற்றுப் பால வேலை, கூலிப் பட்டியல், 1889.
குமாஸ்தாவின் சாய்ந்த இங்கிலீஷில்
சின்னாப்பியன், சின்னபாயென், சினப்பையன்.
ஒரே பக்கத்தில் மூன்று பேர்.
அல்லது காது மந்தமான ஒரு குமாஸ்தா.

ஒருவன் விருதம்பட்டு.
ஒருவன் கழிஞ்சூர்.
மூன்றாமவனுக்கு ஊர் போடவில்லை,
'வேலையில் தூக்கம், அபராதம் ஓரணா'
என்று மட்டும் இருந்தது.
உடனே அவனைப் பிடித்துக்கொண்டேன்.
அப்பா டிப்போவில் ஸ்டியரிங்மேல் தலைவைத்துத் தூங்கி
மெமோ வாங்கியவர்.
இது சாட்சியமாகாது. எனக்கே தெரியும்.

கூலி வாங்கியதற்கு எதிரே கீறல்கள்.
மற்றவர்களெல்லாம் பெருக்கல் குறி.
இவன் மட்டும் நெட்டுக்கு ஒரு கோடு, அடியில் ஒரு வளைவு,
கல்லில் மாட்டி மழுங்கிய கடப்பாரை மாதிரி.
அழுத்திய அழுத்தில்
தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது.
விரல் வைத்துப் பார்த்தேன்.
மேசைக்காரர் இருமினார்.

தற்குறி.
எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார்
என் நோட்டை வாசலுக்கு வீசிச் சொன்ன சொல்.
நாற்பது வருடம் அதை வசவு என்றே வைத்திருந்தேன்.
தன் குறி.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்: அதே வளைவு.
மே மாதம் பெயர் இருக்கிறது, கீறல் வேறு.
மூன்று புள்ளி, அவற்றைச் சுற்றி ஒரு சுழி.
தினமும் வாசலில் குனிந்த கைக்கு
யோசிக்காமல் வருகிற சுழி.
கூலியும் மூன்றணாவிலிருந்து இரண்டணா.
ஆள் மாறியிருக்கிறது.
பெயரை அடித்து எழுத குமாஸ்தாவுக்குச் சோம்பல்,
அல்லது மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டான்.
காலராவா, கல் உருண்டதா, கடல் தாண்டினானா,
அதற்கெல்லாம் பட்டியலில் கட்டம் கிடையாது.
டிசம்பர் வரை அந்தச் சுழி.
ஒரு நாள்கூட அபராதம் இல்லை.

அப்பாவின் கதையில் பெண் யாரும் இருந்ததில்லை.
கல் சுமந்தது நம்ம ஆளு.
ஆளு என்ற சொல்
ஆணுமில்லை பெண்ணுமில்லை என்பது
திரும்பி வருகிற வண்டியில்
வாலாஜா ரோடு தாண்டியபோதுதான் உறைத்தது.
எதிர் சீட்டுக்காரரிடம் சொல்லலாமென்று பார்த்தேன்.
அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசி அமாவாசை.
ஆறு முழுக்க மணல், முள்.
தம்பி பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தான்.
உள்ளங்கையில் எள்ளை வைத்துக்கொண்டு
"யார் பெயரைச் சொல்ல?" என்றான்.
தெரியாது என்றேன்.
கொஞ்சம் தண்ணீர் வாங்கி மணலை நனைத்து
மூன்று புள்ளி வைத்தேன்.
சுழி சரியாக வரவில்லை.
அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.